பஞ்சு இழுத்த வண்டி

அநியாயங்களை அவை நடந்த வரிசையில்தான் சொல்ல வேண்டும். வரிசை மாற்றிச் சொன்னால் செய்தவனுக்கு வாய்தா கிடைத்துவிடும்.

முதல் அநியாயம் மில் ஓடிய காலத்தில் நடந்தது. சிங்காநல்லூருக்குக் கிழக்கே, இன்று ஸ்பேனர் சந்து என்று ஊரார் சொல்லும் லைன் வீடுகளில் குடியிருந்தவர்கள் ஷிப்டு முடிந்து வெளியே வரும்போதெல்லாம் வாட்ச்மேன் அவர்கள் மடியைத் தடவிப் பார்த்தான், கொண்டையை அவிழ்த்துப் பார்த்தான், சோறு கொண்டுவந்த தூக்குப்போசியைக் கவிழ்த்துப் பார்த்தான்; ஒரு துணுக்குப் பஞ்சுகூட வாசலைத் தாண்டக் கூடாது என்பது முதலாளி கட்டளை. ஆனால் நெஞ்சுக்குள் போன பஞ்சை எவனும் சோதனை போடவில்லை, அதை அவர்கள் வருஷக்கணக்காக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள், இருமலாக. இரண்டாவது, அந்த இருமலைப் பீடி இருமல் என்று மில் டாக்டர் எழுதி வைத்தார். பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங்கில் வேலை பார்த்த சின்னான் ஆயுசுக்கும் பீடியைத் தொட்டதில்லை, அந்த இருமலிலேயே போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி பழனாத்தா நூல் நூற்கிற ஸ்பின்னிங்கில் இருந்தவள், அவளுக்கும் பீடி இருமல் என்றே எழுதினார்கள். மூன்றாவது, மில் ஒரு பொங்கலுக்கு லீவு விட்டது, பிறகு திறக்கவே இல்லை. நான்காவது, சின்னான் மகள் திலகமணி பொம்முராஜின் கார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, எஞ்சின் கக்கும் புகை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் வெளியேறும்படி குழாய்களைச் சம நீளத்தில் வளைத்து ஒட்டுவதில் கோயமுத்தூரே தேடி வருகிற ஆளாக வளர்ந்தபோது, அந்தக் குழாய்களெல்லாம் 'பொம்மு' என்ற முத்திரையோடு வெளியே போயின.

ஐந்தாவது, பொம்முராஜ் கழித்துப்போட்ட பழைய எஸ்டீம் காரை, "எடுத்துட்டுப் போ அம்மிணி, உனக்குன்னே வெச்சுக்க" என்று கொடுத்தவர், வண்டிப் பதிவுப் புத்தகமான ஆர்.சி.யில் பேரை மட்டும் மாற்றிக் கொடுக்கவில்லை. திலகமணி தனிப் பட்டறை திறந்து, அந்த வண்டியை உயிர்ப்பித்து, ஆடிப் பதினெட்டுக்கு நடக்கும் நேர்ச்சாலைப் பந்தயத்தில் டர்போ இல்லாத வண்டிகளின் பிரிவில் முதலாவதாக வந்தாள். ஆர்.சி.யில் இருக்கிற பேரைத்தான் மைக்கில் வாசிப்பது பந்தயக் கமிட்டி வழக்கம். வாசித்தது கமிட்டித் தலைவர் பொம்முராஜ், வாசிக்கப்பட்ட பேர் பொம்முராஜ், மேடையேறிக் கோப்பை வாங்கியதும் பொம்முராஜ். வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, "நம்ம பட்டறைப் புள்ள ஒண்ணு நல்லா ஓட்டுச்சு" என்றார். ஆறாவது, அடுத்த வருஷம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். எல்லா வண்டியும் ஒன்றாக ஓடட்டும், எல்லா வண்டிக்கும் மூன்றே மூன்று சாமான்தான் மாட்டலாம், காற்று இழுக்க ஒன்று, புகை போக ஒன்று, சைலன்சர் ஒன்று, எல்லோருக்கும் ஒரே சட்டம், இதைவிட நியாயம் உண்டா என்று பொம்முராஜ் கேட்டார்.

நியாயந்தான். ஆட்டுக்கும் யானைக்கும் ஒரே உயரத்தில் தொட்டி கட்டிவிட்டு இரண்டும் தண்ணீர் குடிக்கட்டும் என்பது போன்ற நியாயம். டர்போ வண்டி தன் புகையாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சக்கரத்தால் காற்றைப் பிடித்து எஞ்சினுக்குள் திணிக்கிற ஜாதி. அதற்கு வாயையும் வாலையும் கொஞ்சம் அகலப்படுத்திவிட்டு, கம்ப்யூட்டரில் நாலு எண்ணை மாற்றினால் போதும், மலை ஏறுவதைப் போல் பலம் ஏறும். டர்போ இல்லாதது ஆகாயம் கொடுக்கிற காற்றை மட்டும் வாங்கிக்கொள்கிற ஜாதி. அதற்கு அதே மூன்று சாமானை மாட்டினால் ஏறுவது முக்கால் பங்கு சத்தமும் கால் பங்கு பலமும். இருக்கிறவனுக்குக் கொடுத்தால் பெருகும், இல்லாதவனுக்குக் கொடுத்தால் சத்தம் போடுவான் என்று உலகம் சொல்வது சும்மா இல்லை. இதையெல்லாம் திலகமணி கரைத்துக் குடித்தவள். இருந்தாலும் அந்த மேடையில், அந்த மைக்கில், சனம் கேட்க, தன் பேரை ஒரு தடவை வாசிக்க வைக்காமல் விடுவதில்லை என்று அவள் நெஞ்சுக்குள் ஒரு நட்டை இறுக்கி வைத்திருந்தாள், அது தளரவே இல்லை.

எதிர்ப் பட்டறைக்காரன் குணசீலன் டர்போ ஆள். ஸ்பேனரைவிட லேப்டாப்பைத்தான் அதிகம் தொடுவான். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே ஆரம்பித்துவிடுவான்.

"ஏனுங்க்கா, இந்த வருசம் எவ்வளவு சத்தம் ஏத்தீருக்கறீங்க?"

"உன்ற வண்டி பின்னால வர்றப்ப உனக்குக் கேக்கற அளவுக்கு."

"பின்னால வந்தாத்தானுங்களே."

முதலில் திலகமணி எல்லோரும் செய்கிற தப்பையே செய்தாள். கூம்பு வடிவ ஏர் ஃபில்டரை வாங்கி எஞ்சினுக்குப் பக்கத்திலேயே மாட்டினாள். கொதிக்கிற எஞ்சினின் வெக்கையையே எஞ்சின் திரும்பக் குடித்தது, இருந்த பலமும் குறைந்தது. பிறகு புத்தி வந்து இடது பக்க ஹெட்லைட்டைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்றை இழுக்கிற மாதிரி ஒரு குழாய் போட நினைத்தாள். குழாய் தேடி இரும்புக்கடைக்குப் போனபோது, மூடிய மில்லிலிருந்து வந்த சாமான்களுக்கு நடுவில், மெஷினிலிருந்து பறக்கும் பஞ்சை உறிஞ்சுகிற பழைய தகரக் குழாய் ஒன்று கிடந்தது, அளவெடுத்துச் செய்த மாதிரி. அதை எடுத்து வந்து, கழுவி, ஃபில்டரை முனையில் வைத்து, நாலு போல்ட்டில் முடுக்கினாள். அவள் செய்தது அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை என்பதற்குச் சந்தே சாட்சி.

மறுநாள் காலை, எஞ்சின் அணைந்து கிடந்த வண்டி மூச்சு விட்டது. பானெட் மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது, தூங்குகிற மாட்டின் விலாவைப் போல. மகளுக்கு டீ கொண்டு வந்த பழனாத்தா அந்த ஹெட்லைட் ஓட்டைக்கு நேராக நின்று வழக்கம்போல இருமினாள். வண்டி ஆழமாக ஒரு மூச்சு இழுத்தது. அவள் வாயிலிருந்து வெள்ளையாக ஒரு பஞ்சுத் திரி புறப்பட்டு, அறாமல், முடிச்சு விழாமல், அந்தக் காலத்தில் அவள் மெஷினில் ஓட்டின திரியைப் போலவே சீராக, ஓட்டைக்குள் போய்க்கொண்டே இருந்தது, பிறகு நின்றது. பழனாத்தா உதட்டைத் துடைத்துக்கொண்டு, மகளுக்கு என்று கொண்டு வந்த டீயைத் தானே ஒரு வாய் குடித்துப் பார்த்து, "சக்கரை பத்தல" என்றாள். பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பி, சர்க்கரையில் மிச்சம் பிடித்து மச்சு வீடு கட்டுகிறவனைப் பற்றி, அவன் அப்பனைப் பற்றி, அவன் அப்பனுக்குப் பெண் கொடுத்தவர்களைப் பற்றி ஒரே மூச்சில், நடுவில் ஒரு இருமல்கூட இல்லாமல் திட்டி முடித்தாள். அப்போதுதான் சந்தில் இருந்தவர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். வண்டி மூச்சு விடுவதைப் பார்த்து அல்ல. பழனாத்தா ஒரு முழு வாக்கியம் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

மத்தியானத்துக்குள் வரிசை வந்துவிட்டது. வரிசை என்று ஒன்று வந்தால் அதை நிற்க வைக்க மருதாசலம் வந்துவிடுவார். மில் யூனியனில் இருந்தவர், கேட் கூட்டம் போட்டே தொண்டையை இழந்தவர், மில் மூடிய பிறகும் மாதம் ஒரு தடவை அந்தப் பூட்டுக்கு முன்னால் நின்று கோஷம் போட்டுவிட்டு வருகிறவர். முதலில் கார்டிங், அடுத்து பஞ்சுப் பொதி உடைக்கிற புளோரூம், அதற்கடுத்துதான் ஸ்பின்னிங் என்று, எவர் நெஞ்சில் அதிகம் பஞ்சு ஏறியிருக்குமோ அந்தக் கணக்கில் வரிசையை அமைத்தார். சிபாரிசு இல்லை, சொந்தக்காரர் இல்லை. முன்னால் நுழையப் பார்த்த மைத்துனனையே, "மாப்ளே, நீ ஆபீஸ்ல பேன் காத்துல உக்காந்திருந்தவன், போயி கடைசீல நில்லு" என்று விரட்டினார். வண்டி எட்டு மணி நேரம்தான் வேலை செய்யும், மத்தியானம் அரை மணி ஓய்வு, ஞாயிறு லீவு என்று அவரே வண்டியின் சார்பில் கோரிக்கை வைத்து, அவரே பேச்சுவார்த்தை நடத்தி, அவரே ஒத்துக்கொண்டார்.

சந்து அதை அப்படியே பழகிக்கொண்டது. சாயங்காலம் ஃபில்டரைக் கழற்றிக் கொடுத்தால், பெண்கள் அதிலிருந்த பஞ்சை உரித்து, தூசி தட்டி, வெயிலில் காய வைத்துத் தலையணை தைத்தார்கள். அவரவர் நெஞ்சிலிருந்து வந்தது அவரவர் தலைக்கு என்பதில் கண்டிப்பாக இருந்தார்கள், மாற்றி எடுத்ததாக ஒரு சண்டைகூட நடந்தது. இரும்பு வார்க்கிற ஃபவுண்டரிக்காரர்கள் வந்தார்கள், அவர்கள் வாயிலிருந்து கறுப்பு மணல் வந்தது, அதைப் பூச்செடிக்குப் போட்டார்கள், செம்பருத்தி தட்டு அகலத்துக்குப் பூத்தது. கிழவர்கள் படியேறிப் பார்த்தார்கள், பேரனோடு சைக்கிள் பந்தயம் விட்டார்கள், விசில் வாங்கி ஊதி ஊதி அக்கம்பக்கத்தைத் தூங்கவிடாமல் செய்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே இருந்த ஒரு தம்பதியில், இருமலால் இதுவரை தோற்றுக்கொண்டிருந்த புருஷன் முதல் தடவையாக ஜெயித்தான், மறுநாளே மனைவியும் வரிசையில் நின்றாள்.

குணசீலனுக்குப் பொறுக்கவில்லை. "உங்க வண்டி இழுக்கறது தானாக் கெடைக்கற காத்துங்க்கா, என்ற வண்டீல திணிக்கற காத்து. ஒரே இழுப்புல முடிச்சுக் காட்டறேன்" என்று தன் சிவப்பு டர்போ வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தினான். டர்போவுக்கு எஞ்சின் ஓடினால்தான் மூச்சு, தன் புகை இல்லாமல் அதற்குச் சக்கரம் சுற்றாது. ஆகவே ஆக்சிலேட்டரை மிதித்தான். மருதாசலம் முன்னால் போய் வாயைத் திறந்து நின்றார். வண்டி அவர் தோளில் கிடந்த துண்டை லபக்கென்று விழுங்கி, "உஸ்ஸ்" என்று ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது.

"தம்பி, என்ற துண்டு."

"வந்துருமுங்க."

"எந்தப் பக்கமா?"

சந்து சிரித்த சிரிப்பில் இருமல் ஒன்றுகூடக் கலக்கவில்லை. குணசீலனே தரையில் உட்கார்ந்து சிரித்தான். அன்றைக்கு முழுக்க அவன் வண்டியைப் பிரித்துத் துண்டை எடுத்துக் கொடுத்தான், அது நாலு துண்டாக வந்தது.

இப்படியே போயிருந்தால் கதை இல்லை. ஆடி பிறந்தது, பாலக்காட்டுக் கணவாயில் புகுந்த காற்று அம்மியை நகர்த்திப் பார்த்தது, பந்தயம் நெருங்கியது. வண்டியின் புகழ் சூலூர், பல்லடம், சோமனூர் என்று பரவி, மூடிப்போன மில்களின் சனமெல்லாம் பஸ் ஏறி வர, ஃபில்டர் காலையிலேயே அடைத்துக்கொண்டது. திலகமணி வண்டியை வெளியே எடுத்து ஓட்டிப் பார்த்தாள். மூக்கடைத்த பிள்ளை பள்ளிக்கூடம் போகிற மாதிரி போனது. இருந்த கால் பங்கு பலமும் ஊரார் பஞ்சில் மூழ்கிப் போயிருந்தது. அவள் வந்து ஷட்டரை இறக்கினாள்.

"பந்தயம் முடியற வரைக்கும் யாரும் வராதீங்க. ஒரு வாரந்தானுங்க" என்று மருதாசலத்திடம் சொன்னாள்.

"கதவடைப்பா?" என்றார் அவர்.

அந்த வார்த்தை அவளைக் கீறியது. "எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு வேணும் பெரீப்பா. அதுவும் கூடாதுங்களா?"

கூடாது என்று சொல்ல மருதாசலத்துக்கு வாய் வரவில்லை, கூடும் என்று சொல்லப் பழக்கமில்லை. வரிசையைக் கலைந்து போகச் சொன்னார். எல்லோரும் போனார்கள், சோமனூரிலிருந்து வந்த ஒருத்தி மட்டும் திரும்பிப் போகப் பஸ் இல்லாமல் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கெஞ்சவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள், அடி ஓட்டையான துருத்தியைப் போல. திலகமணி உள்ளே குழாய்க்கு மெருகு போட்டாள், கேட்டது. ரேடியோவைச் சத்தமாக வைத்தாள், அதற்குள்ளும் கேட்டது. கடைசியில் ஷட்டரைத் தூக்கி, "வாங்கக்கா, வந்து முன்னால நில்லுங்க. என்ற தலையெழுத்து" என்றாள். அதன் பிறகு ஷட்டர் இறங்கவே இல்லை, பந்தயத்துக்கு முதல் நாள் வரை.

முதல் நாள் மத்தியானம் அவள் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தபோது அது ஃபில்டராக இல்லை, கோழிக்குஞ்சாக இருந்தது. பட்டறையில் அதைக் கழுவத் தனி எண்ணெயும் திரவமும் உண்டு, இரண்டும் தீர்ந்திருந்தன. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பழனாத்தா வந்து பிடுங்கிக்கொண்டு போனாள். சந்துப் பெண்கள் கூடி அதற்குச் சீயக்காய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, குளிப்பாட்டின குழந்தைக்குச் செய்வதைப் போல மடியில் போட்டுத் துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டிக் காய வைத்தார்கள். ஏர் ஃபில்டருக்கு இப்படியெல்லாம் செய்யக் கூடாது என்று திலகமணி சொன்னாள். "நீயே நாலு நாளாக் குளிக்கல, குளிப்பாட்டறதப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா? போடி" என்றாள் தாய்க்காரி. போல்ட்டை முடுக்கி வண்டியைக் கிளப்பியபோது சந்து முழுக்கச் சாம்பிராணி வாசம். ஆனால் பலம் பழைய கால் பங்குதான், அதற்கு மேல் ஒரு இம்மி ஏறவில்லை. கழுவினால் அழுக்கு போகும், ஜாதி மாறாது.

பந்தயம் நடக்கிற சாலை செட்டிபாளையத்துக்குத் தெற்கே, காற்றாலை இறக்கைகளைக் கொண்டுபோக யாரோ நேராகப் போட்டுவிட்டு மறந்துபோன சாலை. இரண்டு இரண்டு வண்டியாக ஓடும், ஜெயித்தது அடுத்த சுற்றுக்குப் போகும். முதல் சுற்றுகளைத் திலகமணி கையாலும் காலாலும் ஜெயித்தாள். டர்போவுக்குக் காற்று சேர ஒரு நொடி தாமதம் உண்டு, அந்த நொடியைத் திருடத் தெரிந்தால் சின்ன டர்போக்களைச் சமாளிக்கலாம். இறுதிச் சுற்றில் பக்கத்தில் வந்து நின்றது குணசீலனின் சிவப்பு வண்டி. கொடி இறங்கியது. எஸ்டீம் பாய்ந்து முந்தியது, பாதி தூரம் முன்னாலேயே இருந்தது, பிறகு பக்கத்தில் "உஸ்ஸ்" என்று சத்தம் கேட்டது, சிவப்பு வண்டி அவளைக் கடந்து போனது, அது போவதைப் பார்த்து அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, கணக்கு அப்படித்தான் என்று தெரியும்.

பாதித் தூரத்துக்கு அப்பால்தான் சனம் நின்றது. இரண்டு பக்கமும், வேலியோரமாக, கார்டிங் முன்னால், புளோரூம் அடுத்து, ஸ்பின்னிங் அதற்கடுத்து, கடைசியில் ஃபவுண்டரி என்று மருதாசலம் நிறுத்தி வைத்த அதே வரிசையில். அவர் கையைத் தூக்கினார். எல்லோரும் மூச்சை இழுத்தார்கள், வயிறு முதுகில் ஒட்ட, தோள் காதில் முட்ட, எத்தனையோ வருஷமாக இழுக்க முடியாமல் போன மூச்சையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சாக இழுத்து, வண்டி எதிரே வந்ததும் அந்த ஹெட்லைட் ஓட்டையைப் பார்த்து விட்டார்கள். ஆடிக் காற்று ஒதுங்கி வழி விட்டது. எஸ்டீம் அதைக் குடித்தது, ஒருவர் மூச்சு முடியுமுன் அடுத்தவர் மூச்சு, வெங்காயம் தின்றவர் மூச்சு, வெற்றிலை போட்டவர் மூச்சு, பழனாத்தாவின் சர்க்கரை பத்தாத மூச்சு. ஸ்டியரிங் திலகமணியின் கைக்குள் துடித்தது, கதவுகள் விம்மின, சிவப்பு வண்டியின் பின்விளக்கு பக்கத்தில் வந்தது, பக்கவாட்டில் குணசீலனின் வாய் திறந்த முகம் வந்தது, பிறகு எதுவும் இல்லை, வெறும் சாலையும் சாம்பிராணி வாசமும் தன் சிரிப்புச் சத்தமும்தான் இருந்தன.

கமிட்டி ஆள் வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தான். மூன்று சாமான்தான் இருந்தது, நாலாவது இல்லை.

"இத்தனை பேரை நான் எங்கீங்க்கா போல்ட் போட்டு மாட்டறது?" என்று கேட்டுக்கொண்டே குணசீலன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். தோற்றவன் முகம் அவனுக்கு இல்லை.

ஜெயித்த வண்டியை மேடைக்கு எதிரே நிறுத்துவது வழக்கம். எஞ்சினை அணைத்து நிறுத்தினாள். பொம்முராஜ் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மேடையேறினார், பக்கத்தில் கோப்பை, கையில் மைக். கீழே சனம் முழுக்க மேடையைப் பார்த்தது. திலகமணி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முதல் பரிசு, எஸ்டீம் வண்டி. ஆர்.சி. பிரகாரம் அதனுடைய பேர்" என்றவர், தன் பேரைச் சொல்ல வாயைத் திறந்தார். வண்டி மெல்ல ஒரு மூச்சு இழுத்தது. பேர் வெளியே வரவில்லை. உதடு மட்டும் குவிந்து பிரிந்தது. மைக் கோளாறு என்று நினைத்துத் தட்டினார், "டொக்கு டொக்கு" என்று நன்றாகவே கேட்டது. மறுபடி சொன்னார், வண்டி மறுபடி இழுத்தது, சொன்ன பேர் காற்றாக அவர் வாயிலிருந்து புறப்பட்டு கழுத்து மாலையை ஆட்டிவிட்டு ஓட்டைக்குள் போனது. சோடா கொடுத்தார்கள். குடித்துவிட்டு வானிலையைப் பற்றிப் பேசினார், குரல் கணீரென்று வந்தது. பேரைச் சொல்லப் போனார், வரவில்லை.

"அவசரப்படாதீங்க மொதலாளி," என்றார் மருதாசலம் கீழேயிருந்து, பரிவாக. "எல்லாத்துக்கும் அப்படித்தான். மேல அடைச்சிருக்கறது போச்சுன்னா அடியில இருக்கறது தானா வரும்."

பொம்முராஜ் வண்டியைப் பார்த்தார், கீழே வரிசை கலையாமல் நின்ற சனத்தைப் பார்த்தார். வண்டி கடைசியாக ஒரு தடவை, நீளமாக, பொறுமையாக இழுத்தது. அவர் நெஞ்சு லேசாகிப் போனதை எல்லோரும் பார்த்தார்கள், ரொம்ப நாளாய்ச் சிக்கியிருந்த முள் இறங்கினவரைப் போல அவர் முகம் ஆனது. அவரே எதிர்பார்க்காத தெளிவான குரலில், மைக்கில், அத்தனை பேரும் கேட்க, வாசித்தார்:

"சின்னான், பழனாத்தா மகள் திலகமணி."